காலை 9.15க்கு முன்பும் பிற்பகல் 3.30க்குப் பின்பும் பங்கு வாங்க முடியுமா?

சந்தை 9.15க்குத்தான் திறக்கிறது என்றால் 9 மணிக்கே செயலியில் விலை அசைவது ஏன், அமெரிக்காவில் உள்ளது போல நேரம் கடந்தும் வர்த்தகம் செய்ய இங்கே வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு, நடைமுறையில் இல்லை என்பதே பதில். அங்கே 9.30 முதல் 4 மணி வரையிலான வழக்கமான நேரத்துக்கு முன்பும், பின்பு இரவு 8 மணி வரையிலும் விலை ஏறி இறங்கப் பங்குகள் கைமாறுகின்றன. இங்கே அத்தகைய அமர்வு கிடையாது.

9 மணிக்கு நீங்கள் பார்ப்பது 2010 அக்டோபரில் தொடங்கப்பட்ட முன்திறப்பு அமர்வு. 9.08 வரை ஆர்டர்களைப் போடலாம், திருத்தலாம், நீக்கலாம், ஆனால் 9.07க்கும் 9.08க்கும் இடையில் ஏதோ ஒரு நொடியில் கதவு மூடப்படும் என்பதால் கடைசி நொடிவரை காத்திருப்பது வீண். அதன்பின், எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அந்த ஒரே விலை கணக்கிடப்படுகிறது. ஒருவர் 105 ரூபாய்க்கு 100 பங்குகளும், மற்றவர்கள் 103க்கு 200, 102க்கு 300 பங்குகளும் கேட்கிறார்கள்; விற்பவர்கள் 101க்கு 150, 102க்கு 250, 104க்கு 200 பங்குகள் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 103 ரூபாயில் 300 பங்குகள்தான் கைமாறும். 102 ரூபாயில் 400 கைமாறும். ஆகவே 102தான் தொடக்க விலை, 105 கொடுக்க முன்வந்தவருக்கும் பங்கு 102க்கே கிடைக்கும். 9.08 வரை திரையில் தாவும் எண்கள் உத்தேச விலைகளே. அதைக் கண்டு பதறுவதில் பயனில்லை.

இரவில் ஆர்டர் போட முடிகிறதே என்று கேட்கலாம். ஏஎம்ஓ எனப்படும் அந்த ஆர்டர் தரகு நிறுவனத்திடம் காத்திருந்து, மறுநாள் காலையில்தான் சந்தைக்குப் போகிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு மாலையில் வெளியானதும், மற்றவர்களை முந்திவிட்டதாக நினைத்து கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டரை இரவு பத்து மணிக்குப் போட்டேன். அதே செய்தியை ஊரே படித்திருந்தது; காலையில் முந்தைய முடிவு விலையைவிட ஏழு சதவீதம் மேலே பங்கு என் கணக்கில் வந்து சேர்ந்தது, மதியத்துக்குள் அதில் பாதி இறங்கியது. அன்றிலிருந்து இரவில் போடுவது, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் மட்டுமே. முன்திறப்பில் பொருத்தும்போது லிமிட் ஆர்டர்களுக்கே முன்னுரிமை என்பதும் கூடுதல் காரணம்.

3.30க்குப் பின், 3.40 முதல் 4 மணி வரை ஓர் அமர்வு உண்டு. ஆனால் அதில் விலை நகராது. கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கைக்கேற்ப எடையிட்ட சராசரியான முடிவு விலையில் மட்டுமே வாங்கலாம், விற்கலாம். எதிர்த்தரப்பில் ஆள் கிடைப்பது அரிது.

நேரத்தை நீட்டிக்கும் பேச்சு புதிதல்ல. 2010 ஜனவரி வரை சந்தை 9.55க்குத்தான் திறந்தது. பங்குசார் டெரிவேட்டிவ்களை (பங்கு விலையை ஒட்டிய ஒப்பந்தங்களை) இரவு 11.55 வரை நடத்த 2018இல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இடமளித்தும் சந்தைகள் அதைச் செயல்படுத்தவில்லை. பின்னர் தேசியப் பங்குச் சந்தை கேட்ட மாலை அமர்வை, தரகர்களிடையே ஒத்த கருத்து இல்லாததால் 2024இல் செபி ஏற்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆறேகால் மணி நேரமே என் போன்றவர்களுக்கு அதிகம். விதிவிலக்காக, 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் கோளாறு ஏற்பட்டு வர்த்தகம் நின்றபோது, அன்று மட்டும் மாலை 5 மணி வரை சந்தை நடந்தது.

தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டி இரவில் எங்கே போகிறது என்று அறிய, அதை ஒட்டிய ஒப்பந்தமாக நள்ளிரவு தாண்டி 2.45 வரை குஜராத்தில் நடக்கும் கிஃப்ட் நிஃப்டியைப் பார்க்கலாம். அது டாலரில் நடப்பது. இந்தியாவில் வசிக்கும் சில்லறை முதலீட்டாளர் அதைப் பார்க்கலாமே தவிர, அதில் வர்த்தகம் செய்ய முடியாது.