விஎம்வேரிலிருந்து வந்த விண்டோஸ் பூட் ஆகாவிட்டால்

வணக்கம் நண்பரே. விஎம்வேரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு (இரண்டுமே ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்கள்) மாற்றிய விண்டோஸ் சர்வர் 2019 நீலத் திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நிற்கிறது, டிஸ்க் இமேஜ் கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். நீலத் திரை வரை வந்தாலே பூட்லோடரும் கெர்னலும் ஏறிவிட்டன என்றுதான் அர்த்தம். நீங்கள் சொன்னபடி டிஸ்க் விர்டியோ ஸ்கஸி என்ற மெய்நிகர் டிஸ்க் கன்ட்ரோலரில் இருக்கிறது; அதற்கான டிரைவர் விண்டோஸில் இல்லை, அவ்வளவுதான். விஎம்வேரின் அசல் டிஸ்க் கோப்பான விஎம்டிகேயை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள்.

பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்கை டிடாச் செய்து (கழற்றி) சாட்டாவாக மாட்டுங்கள்; சாட்டாவுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. எந்த டிஸ்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பூட் ஆர்டரையும் மாற்ற வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பூட் ஆனதும் 1 ஜிபி காலி டிஸ்க் ஒன்றை ஸ்கஸியில் சேர்த்து, விர்டியோ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓவை (சிடி இமேஜ் கோப்பு) மாட்டி அதிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். காலி டிஸ்க் எதற்கு என்றால், அந்தக் கன்ட்ரோலர் கண்ணெதிரே இருந்தால்தான் விண்டோஸ் அதன் டிரைவரை பூட் நேரத்திலேயே ஏற்றப் பழகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 1 ஜிபி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரி, ஷட்டவுன் செய்து, காலி டிஸ்கை நீக்கிவிட்டு மெயின் டிஸ்கை ஸ்கஸிக்கே கொண்டுவந்து, பூட் ஆர்டரை மறுபடி சரிசெய்யுங்கள்.

அப்புறமும் நீலத் திரை வந்தால் விஎம்மின் ஹார்டுவேர் பக்கத்தை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.