துருப்பிடித்த 1969 ஷெவெல்லை 24,000 டாலருக்கு வாங்கலாமா?

டெட்ராய்ட் பக்கம் டிராயில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மிச்சிகனிலேயே ஒருவர் 1969 ஷெவர்லே ஷெவெல் விற்கிறார். எஸ்எஸ் 396 என்ற வேக மாடல் என்கிறார், 24,000 டாலர் கேட்கிறார். எஞ்சின் ஓடுகிறது, தரையிலும் டிக்கியிலும் துரு. இன்னொரு 20,000 போட்டால் புதுசு மாதிரி ஆக்க முடியுமா? இரண்டு வருடம் கழித்து விற்றால் போட்ட பணம் திரும்புமா?"

ஆக்கவும் முடியாது, பணமும் திரும்பாது. ஆசையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை, எனக்கும் அதே ஆசைதான், பதினைந்து வருடமாக இந்தக் கார்களோடுதான் என் சனிக்கிழமைகள் போகின்றன. ஆனால் நீங்கள் கணக்கைப் பாகங்களின் விலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். இதில் பணம் போவது பாகத்துக்கு இல்லை, மணி நேரத்துக்கு.

ஒரு காரை முழுசாகப் பிரித்து, பெயின்டை உரித்து, துருவை வெட்டி, மறுபடி பூட்டி முடிக்க 1,000 மணி நேரத்துக்குக் குறைவாக ஆவது அபூர்வம். நல்ல ஷெட்டில் இன்று மணிக்கு 100 முதல் 150 டாலர் வரை கேட்கிறார்கள். 110 என்றே வைத்துக்கொள்ளுங்கள், கூலி மட்டும் 1,10,000 டாலர். பெயின்ட், எஞ்சின், சீட், பம்பர் எதுவும் இதில் சேரவில்லை.

அவ்வளவு நேரம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். உங்கள் காரின் டிக்கியையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை தெரியும், அதைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தால் பக்கத்துத் தகடும் அப்பளமாக நொறுங்கும், சரி, தரையையே மாற்றுவோம் என்று இறங்கினால்தான் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்: பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளம். ஷெவெல்லில் அது பழைய வியாதி. அந்த இடத்தைச் சரி செய்யாமல் புதுத் தரை போட்டால் சில வருடத்தில் அதுவும் போய்விடும், அதனால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், மேலே வினைல் கூரை இருந்தால் அதையும் உரிக்க வேண்டும், உரித்தால் அதன் அடியிலும் துரு இருக்கும், ஏனென்றால் வினைல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு. புதுத் தகடு சில நூறு டாலருக்குக் கிடைத்துவிடும். ஆனால் பழைய வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, கதவு இடைவெளியைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தி, சூட்டில் தகடு நெளியாமல் விட்டு விட்டு வெல்ட் அடித்து, டிங்கர் வேலை முடித்து, பட்டி பார்த்துத் தேய்ப்பதற்குள் ஒரு ஆளுக்கு ஒரு வாரம் போய்விடும். அடுத்த பக்கத்துக்கு இன்னொரு வாரம். ஷெவெல்லுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன் மேல் உட்காரும், அதனால் பின் சக்கரத்தை ஒட்டிய சேஸிஸையும் பாடியைத் தாங்கும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு முதலில் தின்பது அங்கேதான்.

அடுத்து அந்த "எஸ்எஸ் 396" பேச்சு. எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், 396 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் அளவு. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரிய பங்கு இந்தப் பெயருக்குத்தான். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் காருக்கு, தொழிற்சாலை கொடுக்கும் கார் எண்ணின் தொடக்கத்திலேயே 138 என்று தனி அடையாளம் இருந்தது. 1969ல் ஷெவர்லே அதை ஒரு ஆப்ஷனாக மாற்றிவிட்டது, இசட்25 என்று பெயர். அதனால் 136 என்று ஆரம்பிக்கும் எண் அது வி8 எஞ்சின் போட்ட மாலிபு, அதாவது ஷெவெல்லில் ஒரு வகை, என்று மட்டும்தான் சொல்லும். எஸ்எஸ்ஸாகப் பிறந்ததா, யாராவது பேட்ஜ் ஒட்டியதா என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஃபோர்டுக்கு 1967லிருந்து கம்பெனிப் பதிவைப் பார்த்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், பான்டியாக்குக்கும் அதுபோல ஆவணம் கிடைக்கிறது, அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தாள் கேளுங்கள்: தொழிற்சாலையில் காரோடு போன, என்னென்ன பூட்ட வேண்டும் என்று எழுதிய பில்ட் ஷீட், பல கார்களில் பெட்ரோல் டேங்கின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், அல்லது வாரண்டி புத்தகத்தில் வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சின்ன உலோகத் தகடு. எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் கார் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் மாலிபு விலைதான் கொடுக்க வேண்டும், விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆள் இல்லை என்பதுதான் முதல் காரணம். தகட்டைக் கையால் தட்டி வளைக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். கான்சாஸில் மெக்ஃபர்சன் கல்லூரி பழைய கார் புதுப்பிப்புக்கு நான்கு வருடப் பட்டமே கொடுக்கிறது, ஆனால் அங்கிருந்து வரும் பிள்ளைகளால் நாடு முழுக்க இருக்கும் வேலையை ஈடுகட்ட முடியாது. குரோம் பூசும் பட்டறைகளும் குறைகின்றன. அந்த வேலைக்குப் பயன்படும் ஆறு இணைதிற குரோமியம் (hexavalent chromium) புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அழகுக்காகப் பூசுவதில் அதை 2027லிருந்து கைவிடச் சொல்லி கலிஃபோர்னியா 2023ல் விதி போட்டது, தொழிலாளர் உடம்பை நினைத்தால் அது சரியான முடிவுதான், ஆனால் பம்பர் பில் ஏறத்தான் செய்யும். புதிதாக அச்சடிக்கும் தகடுகளில் நிறைய தைவானிலிருந்து வருகின்றன, 2025ல் போட்ட இறக்குமதி வரிகளும் அந்த விலையில் வந்து சேர்ந்தன.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. தொற்றுக்காலத்தில் ஏறிய பழைய கார் விலை 2022க்குப் பிறகு பொதுவாகத் தணிந்திருக்கிறது, வேலைக்கூலி தணியவில்லை. அப்படியானால் வேறு யாரோ கூலி கொடுத்து முடித்து வைத்த காரை அந்தக் கூலியில் பாதிகூடச் சேராத விலைக்கு வாங்க முடியும். உங்கள் 44,000 டாலருக்கு அரிசோனா மாதிரி வறண்ட ஊரில் ஓடிய, துரு இல்லாத, ஒழுங்காக ஓடும் மாலிபுவைத் தேடுங்கள், சின்ன 307 எஞ்சினாக இருந்தாலும் பரவாயில்லை. அதே பாடி, அதே முகம். லாரியில் ஏற்றி வர ஆகும் செலவு ஒரு பக்கத் தகட்டின் கூலிக்குள் அடங்கிவிடும்.

கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதுவும் நல்ல ஆசை. ஆன் ஆர்பரில் வாஷ்டெனா கம்யூனிட்டி கல்லூரியில் பாடி வேலைக்கு வகுப்புகள் இருக்கின்றன. முதலில் அங்கே வெல்டிங் கற்றுக்கொண்டு அப்புறம் கார் வாங்குங்கள். ஷெட்டில் விடுவதாக இருந்தால் மொத்தமாக முன்பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். என் 1967 காருக்கு நான்கு மாதம் என்றார்கள், இரண்டு வருடம் கழித்துப் பதினொரு அட்டைப்பெட்டிகளில் திரும்பி வந்தது, எந்த போல்ட் எங்கே என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்த மணி நேரத்துக்கு மட்டும் பணம், ஒவ்வொரு தடவையும் போட்டோ. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் விடாதீர்கள்.

வாங்கிய பின் வரும் செலவு பெரிதாகப் பயமுறுத்தாது. இன்சூரன்ஸில் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசிதான் வேண்டும், சாதாரண பாலிசி கார் முழுசாகப் போனால் தேய்மானம் கழித்துக் கையில் கொடுப்பார்கள். எஞ்சின் ஆயில் ஜிங்க் அதிகமுள்ளதாக இருக்கட்டும், இல்லையென்றால் அந்தக் காலத்து கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். மிச்சிகனில் வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்க முடியும், ஆகஸ்ட் மாதம் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலமும் ஆகஸ்டில்தான், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்.

இந்த வாரம் அந்தக் காரைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், போங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள், பின் சக்கரத்தைச் சுற்றிக் காந்தம் பிடிக்காமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். அப்புறம் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.