முழுக்கைச் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 43. தென்காசிப் பக்கம் கிராமம். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒன்பது வருடமாக விரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி.

போன மாதம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. என் முறை வந்ததும் வளையலை எடுத்தேன். "நீங்கள் உட்காருங்கள் அண்ணி, நான் போட்டுவிடுகிறேன்" என்று அத்தனை பேர் முன்னால் நாத்தனார் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு. அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதில் தலை பின்னிவிட்டது இதே கைதான்.

தைக்கக் கொடுக்கிறவர்கள்கூடப் பணத்தை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நிற்கிறார்கள். கணவரிடம் சொன்னால் "விடு" என்கிறார். தங்கை என்றால் அவருக்கு வாய் வராது. எட்டாவது படிக்கும் என் மகளுக்கும் முழங்கையில் பொட்டளவு வெளுத்திருக்கிறது. முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்து, கோ-கோவுக்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வெளியே யாருக்கும் தெரியாது. அது இருக்கட்டும். கையில் இருந்த வளையலை வாங்கினாரே, அதுதான் ஆறவில்லை. இனி அந்த வீட்டுப் படி ஏறலாமா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

நாத்தனார் செய்தது தவறு. வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. 'வெண்குஷ்டம்' என்ற பழைய பெயர் அதைத் தொழுநோயோடு முடிச்சுப் போட்டுவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டுக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

ஆனால் "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முழங்கையை ஊரில் யாரும் பார்க்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்கு முன்பே நீங்கள் மூடிவிட்டீர்கள். தான் பட்டது மகளுக்கு வேண்டாம் என்ற பயம்தான், புரிகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது அப்படிப் போய்ச் சேராது. 'என்னிடம் ஏதோ அசிங்கம் இருக்கிறது, அம்மாவே பார்க்கச் சகிக்கவில்லை' என்றுதான் போய்ச் சேரும். உங்கள் விரல்களைப் பற்றியும் அவள் அதையேதான் நினைத்துக்கொள்வாள். நாத்தனார் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. அதில் கொஞ்சத்தை இந்தச் சட்டை மேலும் காட்டுங்கள்.

இன்னொன்று. அது வெண்புள்ளிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சாதாரணத் தேமலாகவும் இருக்கலாம். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதில்லை. வெண்புள்ளியாகவே இருந்தாலும் தொடக்கத்திலேயே மருந்தும் ஒளிச் சிகிச்சையும் எடுத்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம்.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன்பு அவளிடம் உட்கார்ந்து, "கோ-கோவை நிறுத்தியது அம்மா செய்த தப்பு" என்று சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்தே வரட்டும். மருத்துவமனைக்கு அரைக்கைச் சட்டையில் வரட்டும். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.