எலக்ட்ரிக் பைக்கில் புதுசா என்னென்ன வந்திருக்கு, எதுக்குக் காசு கொடுக்கலாம்? – கேள்வி பதில்

எலக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரியையும் மோட்டாரையும் பிரித்துச் சரிபார்ப்பது என் தொழில். புது மாடல்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரே கேள்வியில் சேர்த்துவிட்டேன். பேட்டரி அளவை யூனிட்டில் சொல்கிறேன், ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான்; ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி.

கேள்வி (திருச்சி): அண்ணா, அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 பெரிய பேட்டரி மாடலுக்கு 323 கி.மீ.ன்னு போட்டிருக்காங்க. திருச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே சார்ஜில் போயிடலாமா?

பதில்: முடியாது தம்பி. 323 என்பது ஐ.டி.சி. சோதனைக் கணக்கு. ஊருக்குள் ஓட்டுகிற மாதிரி குறைந்த வேகத்தில், வேகம் கூடிக் குறையும் ஒரு ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுப்பது. அந்த வண்டியின் பேட்டரி 10.3 யூனிட். 323-ஆல் வகுத்துப் பாருங்கள், கி.மீ.க்கு 32 வாட் மணி வரும். நான்குவழிச் சாலையில் 90-இல் போகும்போது 32-இல் எந்தப் பைக்கும் ஓடாது. வேகம் 60-இலிருந்து 90 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிறது. 55 வாட் மணி என்று வைத்தால் 185 கி.மீ. பக்கம் வரும். அதிலும் கடைசி 10 சதவீதத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

உளுந்தூர்பேட்டை பக்கம் சாப்பாட்டுக்கு நிற்கும்போது ஒரு நல்ல சார்ஜ், திண்டிவனம் தாண்டி டீ குடிக்கும்போது ஒரு சின்ன சார்ஜ் என்று திட்டம் போடுங்கள். எந்த பைக்காக இருந்தாலும் ஹைவே கணக்குக்கு ஐ.டி.சி. எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள், நடு ரோட்டில் நிற்க மாட்டீர்கள்.

கேள்வி (சென்னை): ரீஜென் பிரேக்கிங் பத்து லெவல் இருக்குன்னு ஷோரூம்ல பெருமையா சொன்னாங்க. பத்து எதுக்கு சார்?

பதில்: பத்தும் தேவைப்படாது. ஆனால் லெவலை மாற்ற முடிவது நிஜமாகவே நல்ல வசதி. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, அந்தச் சக்தி பேட்டரிக்குப் போகிறது. அண்ணா சாலை மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற இடத்தில் அதிக லெவல் வைத்தால் பிரேக் லீவரைத் தொடவே வேலையிருக்காது, பிரேக் பேடும் மிச்சம். ஹைவேயில் குறைத்துவிடுங்கள், அங்கே வண்டி தானாக உருண்டு போவதுதான் சிக்கனம்.

ஷோரூமில் பெரும்பாலும் சொல்லாத மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, ரீஜென் பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும்தான். மழை பெய்த ரோட்டில், வளைவில் மணல் கிடக்கும் இடத்தில், வண்டி சாய்ந்திருக்கும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் வழுக்கும். லீவரைத் தொடவே இல்லையே என்று நினைப்போம், ஆனால் பிரேக் பிடித்தாயிற்று. மழைக்காலம் முழுக்கக் குறைந்த லெவலிலேயே ஓட்டுங்கள். இரண்டாவது, 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக் காலையில் கிளம்பும்போது ரீஜென் பிடிக்காது, அல்லது பாதிதான் பிடிக்கும். நிறைந்த பேட்டரியில் மேலும் ஏற்ற இடமில்லை. முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மாதிரியே பிடிக்கும் என்று நம்பி முன்வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். மூன்றாவது, டெஸ்ட் ரைடின்போது நண்பரைப் பின்னால் வேறு வண்டியில் வரச்சொல்லி, ரீஜென் பலமாகப் பிடிக்கையில் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையென்றால் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் நிற்பது தெரியாது.

ஏதர் 450 அபெக்ஸ் ஸ்கூட்டரில் 2024-இல் கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக்சிலரேட்டரை சும்மா விட்டால் லேசாகப் பிடிக்கும். அதையே மூடிய நிலையையும் தாண்டி எதிர்த்திசையில் திருகினால் பலமாகப் பிடிக்கும். லெவலைத் தேடி மெனுவுக்குள் போக வேண்டாம், கையிலேயே இருக்கிறது. பைக்குகளிலும் இது வர வேண்டும்.

கேள்வி (ஒசூர், கல்லூரி மாணவர்): சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா பழைய பைக்கும் புது பைக் ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா அண்ணா?

பதில்: பாதி உண்மை. மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட், எவ்வளவு வேகமாகக் கொடுப்பது என்பதை கன்ட்ரோலரில் உள்ள நிரல்தான் முடிவு செய்கிறது. அதனால் பிக்-அப், ரீஜென், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் சும்மா சுழன்று வழுக்காமல் காப்பது) நடத்தை, மிச்ச தூரக் கணக்கு எல்லாவற்றையும் அப்டேட்டில் மாற்றலாம். அல்ட்ராவயலெட் 2025-இல் எஃப்77-க்கு ‘பாலிஸ்டிக் பிளஸ்’ என்ற மோடைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தது. அதுதான் முறை. அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் வேறு வழியில் போகிறது: வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிற திறனில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்து, அதன் ‘சைஃபர்’ கடையில் தனியாகக் காசு கட்டினால் திறந்துவிடுகிறது. நம் ஊருக்கும் இந்தப் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. சில கம்பெனிகள் சாஃப்ட்வேர் வசதிகளைத் தனி பேக்காக விற்கின்றன. அதனால் விலை கேட்கும்போது “இந்த டெமோ வண்டியில் இருப்பதெல்லாம் இந்த விலைக்குள் வருமா, எத்தனை வருஷத்துக்கு?” என்று எழுத்தில் வாங்குங்கள்.

வண்டியில் இல்லாத பொருளை அப்டேட் கொண்டுவராது. சாய்ந்த நிலையில் வேலை செய்யும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) வேண்டுமானால் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் சென்சார் உள்ளே இருக்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் காட்டிய ஃப்ளையிங் ஃப்ளீ சி6-இல் அது உண்டு. இல்லாத வண்டியில் எந்தப் பதிப்பு ஏற்றினாலும் வராது. பேட்டரிக்குள் இருக்கும் செல்லும் அப்படித்தான், அப்டேட்டில் மாறாது.

இன்னொன்று, வெளியூர் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அப்டேட் போடாதீர்கள். நான்கு நாள் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (மதுரை): எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரிக் பைக் வாங்கியே தீரணும்னு நிக்கிறார். எனக்குத் தீப்பிடிக்குமோன்னு பயம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா, அதை யாரும் கேலி செய்யக் கூடாது. 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்ததை எல்லாரும் பார்த்தோம். அதன் பிறகுதான் அரசு ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதியை இறுக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 என்று நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் தண்ணீர் புகக் கூடாது, சூடு ஏறினால் எச்சரிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, ஒரு செல் கெட்டுச் சூடானால் மற்ற செல்களுக்கு என்ன ஆகிறது என்பது வரை சோதிக்கிறார்கள். ஆகவே செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

அடுத்து, எந்த வகை செல் என்று கேளுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயுளும் அதிகம். ஆனால் அதே யூனிட்டுக்கு எடையும் இடமும் கூடுதல். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை எடை குறைவு, அதனால் வேகமான பைக்குகளில் பெரும்பாலும் அதுதான். நன்றாகச் செய்த பேட்டரி பேக்கில் இரண்டும் பாதுகாப்பானவையே.

வீட்டில் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். மாடிப்படிக்குக் கீழே, வாசல் கதவை ஒட்டி சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது ஆனால் வெளியே வருகிற வழியே அதுதான். வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே பிளக்கை மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பாயின்ட் தனியாகப் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ரசாயன வாடையோ ‘உஸ்’ஸென்ற சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால் வண்டியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ அழையுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): ஐ.பி.67-ன்னா வெள்ளத்துல நின்னாலும் ஒண்ணும் ஆகாதா?

பதில்: ஒரு மீட்டர் ஆழச் சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்தச் சோதனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் சாக்கடைத் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. அது வேறு. மூழ்கிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு பேக்கைச் சோதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (கோவை): கார் சார்ஜர் எல்லா ஹைவே ஹோட்டல்லயும் இருக்கு. அதுல பைக்கைச் சொருக முடியலையே, ஏன்?

பதில்: நான் ரொம்ப நாளாகப் பேச நினைத்த விஷயம் இது. பிளக் வடிவம் மாறுவது ஒரு காரணம், வோல்டேஜ் அதைவிடப் பெரிய காரணம். நம் ஊர் எலக்ட்ரிக் இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் 48 முதல் 100 வோல்ட்டுக்குள் ஓடுகின்றன. கார்களுக்கான சி.சி.எஸ். 2 என்ற பிளக் வகைச் சார்ஜர்கள் பெரும்பாலும் 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது. அடாப்டர் செய்து மாட்டினாலும் பயனில்லை.

சென்னையைச் சேர்ந்த ராப்டீ 2024 அக்டோபரில் கொண்டுவந்த டி30 இதை அடியிலிருந்து மாற்றிப் பார்த்தது. அதன் பேட்டரியே 240 வோல்ட். அதனால் கார் சார்ஜரில் நேராகச் சொருகலாம். வோல்டேஜ் கூடினால் அதே சக்திக்குக் கரன்ட் குறைவு. கரன்ட் பாதியானால் அதே ஒயரில் வீணாகும் சூடு கால்வாசியாகிறது. ஒயரும் மெலிதாகும். ஹோண்டாவும் தன் டபிள்யூ.என்.7 பைக்குக்கு சி.சி.எஸ். 2 கொடுத்திருக்கிறது. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி இந்த வழியை முன்பே பிடித்தது எனக்குப் பெருமைதான்.

இன்னொரு பக்கம் ஏதர் உருவாக்கிய பிளக்குக்கு 2023-இல் பி.ஐ.எஸ். என்கிற அரசின் தர நிர்ணய அமைப்பு இந்தியத் தரமாக அங்கீகாரம் கொடுத்தது. ஹீரோ விடாவும் அதையே பயன்படுத்துகிறது. எனக்குக் கேட்டால், புது பைக்கில் முதலில் பார்க்க வேண்டியது சீட்டுக்குக் கீழோ டேங்க் மூடியிலோ இருக்கிற, சார்ஜ் பிளக் சொருகும் ஓட்டைதான். திரையின் அளவு அப்புறம். நீங்கள் வழக்கமாகப் போகிற பாதையில் அந்தப் பிளக்குக்கு எத்தனை சார்ஜர் இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): கியர் வெச்ச எலக்ட்ரிக் பைக் வந்திருக்காமே?

பதில்: மேட்டர் ஏரா. நான்கு கியர், தண்ணீர் குளிர்விப்பு, 5 யூனிட் பேட்டரி. கியர் போடுகிற சுகம் வேண்டுபவர்களுக்கு நல்ல வண்டி. தேவை என்று பார்த்தால், மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுப்பதால் கியர் இல்லாமலும் நடக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் குளிர்விப்பை மட்டும் எல்லாரும் காப்பியடிக்கட்டும், நம் வெயிலுக்கு அது வேண்டும்.

கேள்வி (டொரண்டோ): இங்கே ஐந்து மாதம் பைக்கை மூடித்தான் வைக்க வேண்டும் அண்ணா. பேட்டரியை எப்படி விடுவது?

பதில்: 50, 60 சதவீதத்தில் விடுங்கள், முழுக்க ஏற்றியும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. வசந்தத்தில் முதல் சார்ஜுக்கு முன் வண்டி கராஜில் ஒருநாள் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

கேள்வி (சேலம்): ரேடார் வெச்ச அல்ட்ராவயலெட் எக்ஸ்-47 பைக் வந்திருக்கே, அதுக்காக அதிகம் கொடுக்கலாமா?

பதில்: பின்னால் வேகமாக வருகிற வண்டியையும், கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் இருப்பதையும் சொல்லும். ராத்திரி லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு நிச்சயம் உதவும். ஊருக்குள் நாலு பக்கமும் வண்டி நெருக்கும்போது எச்சரிக்கை ஓயாது, நீங்களே அணைத்துவிடுவீர்கள். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் வேலை செய்யும் இரட்டை சேனல் ஏ.பி.எஸ்., நல்ல டயர், நல்ல ஹெட்லைட். இவை மூன்றும் இருந்த பிறகு ரேடார்.

கேள்வி (திருநெல்வேலி): சாலிட் ஸ்டேட் பேட்டரி வருதாம். அதுவரைக்கும் பொறுக்கலாமா? எங்க ஊர்ல சர்வீஸ் சென்டரும் தூரம். தினமும் 40 கி.மீ. ஓட்டுவேன்.

பதில்: செல்லுக்குள் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைக்கும் அந்தப் பேட்டரிக்காகப் பொறுக்க வேண்டாம் ஐயா. உங்கள் விலைக்குள் அது வர நாளாகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பைக் 45 கொடுக்கிறது என்று வைத்தால் கி.மீ.க்கு 2 ரூபாய் 20 காசு. எலக்ட்ரிக்கில் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட் 8 ரூபாய் என்றாலும் 40 காசைத் தாண்டாது. வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 21,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

சர்வீஸ் சென்டர் தூரம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. செயின், டயர், பிரேக் பேடை உள்ளூர் மெக்கானிக் பார்த்துவிடுவார். கன்ட்ரோலரோ பேட்டரியோ மக்கர் செய்தால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். ஆகவே முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி நின்றுவிட்டால் இலவசமாக ஏற்றிச்செல்வார்களா, எத்தனை கி.மீ. வரை? பேட்டரி பாகம் வர எத்தனை நாள்? வாரன்டியில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? 70 சதவீதம் என்று எண் போட்டு எழுதித் தருபவர்களிடம் வாங்கலாம். “நல்லா உழைக்கும் சார்” என்று வாயால் மட்டும் சொல்பவர்களிடம் வாங்க வேண்டாம், அந்த மாடல் எவ்வளவு பிடித்திருந்தாலும்.