டிராஃபிக்கில் பைக்: கேட்டதும் சொன்னதும்

தாம்பரம்: அண்ணே, ஜிஎஸ்டி ரோட்டுல காலையில ஒரே பஸ்ஸா நிக்குது. எப்படிப் புகுந்து போறது?

புகாதீங்க. முக்கியமா பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல. பெரிய வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல வராது, உள்பக்கமா அணைச்சுக்கிட்டு வரும். டிரைவர் முகம் அவரோட சைடு கண்ணாடியில உங்களுக்குத் தெரியலையா? அப்போ நீங்களும் அவருக்குத் தெரியலை.

வேளச்சேரி: எந்த ஹெல்மெட் வாங்கலாம்?

முழு முகத்தையும் மூடுறது. ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 4151னு போட்டிருக்கணும். ஸ்ட்ராப் மாட்டிட்டு பின்னாலேருந்து தூக்கிப் பாருங்க. கழண்டு வந்தா அந்த சைஸ் வேண்டாம்.

மதுரை: முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவேன்னு அப்பா பயமுறுத்துறார். பின் பிரேக் மட்டும் போதுமா?

போதாது தம்பி. பிரேக் பிடிச்சதும் பாரம் முன்னாடி சாயும். முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாயிடும். லேசான டயரை மிதிச்சா லாக் ஆகி வால் ஆட்டும். காஞ்ச தார் ரோட்டுல வண்டியை நிறுத்துறதுல பெரும்பங்கு முன் பிரேக்கோடதுதான். அப்பா பயத்துலயும் நியாயம் இருக்கு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணல் மேலயோ முன் லிவரை வெடுக்குனு இழுத்தா விழுவீங்க. நேரா வச்சுக்கிட்டு, முதல்ல மெதுவா, பாரம் முன்னாடி வந்ததும் இறுக்கமா, கூடவே பின் பிரேக்கும். ஆளில்லாத ரோட்டுல 30ல போய்ப் பழகுங்க.

திருச்சி: தப்பா சொல்றீங்க சார். காலங்காலமா எனக்குப் பின் பிரேக்தான். இப்போ சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கிற ஏபிஎஸ் வேற இருக்கு.

2019 ஏப்ரல்லேருந்து 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், சரி. ஆனா சிங்கிள் சேனல்னா அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். முன் லிவரையே தொடாத உங்களுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. சின்ன வண்டியில வர்ற சிபிஎஸ்ங்கிற கூட்டு பிரேக்குல பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் சேர்ந்தே பிடிக்கும். கம்பெனிக்காரன் எதுக்கு அப்படி வச்சான்னு யோசிங்க.

ஆவடி: சார், நல்ல ஹெல்மெட் எது?

வேளச்சேரிக்குச் சொல்லியாச்சு.

திருச்சி: மழையில என்ன சொல்வீங்க? முன் பிரேக் பிடிச்சா சறுக்காதா?

வெடுக்குனு பிடிச்சா எந்தப் பிரேக்கும் சறுக்கும்; எப்படிப் பிடிக்கிறீங்கங்கிறதுதான் விஷயம். மழையில சீக்கிரமே ஆரம்பிச்சு இதமா பிடிக்கணும். அதுக்கு முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல இடம் வேணும். 60ல போனா ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும், அதுவும் கை பிரேக்குக்குப் போறதுக்குள்ள. ரோட்டுல அடிச்ச வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி மேல எந்தப் பிரேக்கும் வேண்டாம்.

சேலம்: இடிச்சிட்டாங்க, இன்சூரன்ஸ் கிளெய்ம் எப்படி?

வக்கீலைக் கேளுங்க.

கோவை: ஸ்கூட்டர்ல குழந்தையை முன்னாடி நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகலாமா அண்ணா?

கூடாதுமா. பிரேக் அடிச்சா ஹேண்டில்ல மோதுற முதல் தலை அதோடது. ஒன்பது மாசத்துலேருந்து நாலு வயசு வரைக்கும் ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், ஹெல்மெட், 40க்குள்ள வேகம்னு 2023லேருந்து விதியே இருக்கு.

மறைமலைநகர்: பஸ் ஸ்டாப்புல நிக்குது, இடப்பக்கம் காலியா இருக்கு. போகலாம்ல?

ஆள் இறங்குற பக்கம் அது. போகாதீங்க!

போரூர்: ஹெல்மெட்...

மேல பாருங்க.

திருச்சி: சரி, பழகித்தான் பார்க்கிறேன். லிவர் மேல எத்தனை விரல்?

ரெண்டு. ஆள்காட்டியும் நடுவிரலும். மத்தது ஆக்ஸிலரேட்டர்ல.