எத்தனை சித்திரம் வரைந்தால் கண்ணீர் வரும்?

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எங்கள் அனிமேஷன் குழுவின் பதில்கள்

கேள்வி: ஒரு தொடரில் கதாநாயகி அழுதபோது எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டு எபிசோட் கழித்து அவளே மறுபடி அழுகிறாள், மனம் அசையவே இல்லை. குரல், இசை, கதை எதுவும் மாறவில்லையே? (வாசகி, தாம்பரம்)

பதில்: வரைந்த கைகள் மாறியிருக்கும். தொடருக்கு ஒரே இயக்குநர் இருந்தாலும், எபிசோடுக்கு எபிசோட் இயக்குநரும் அனிமேஷன் டைரக்டரும் அசைவின் முக்கிய நிலைகளை வரையும் கீ அனிமேட்டர்களும் வேறு வேறு. 24 நிமிட எபிசோடில் சுமார் 300 ஷாட்கள். அவற்றைப் பலர் பங்கு போட்டு வரைய, எல்லோர் கோட்டையும் திருத்தி முகத்தை ஒரே முகமாக வைத்திருப்பது அனிமேஷன் டைரக்டரின் வேலை. ஒளிபரப்பு நாள் கழுத்தை நெரிக்கும்போது முதலில் அடிபடுவது இந்தத் திருத்தம்தான்.

நேரமில்லாத குழு, அசையாத முகம் ஒன்றை வரைந்து அதன்மேல் கண்ணீரை மட்டும் வழியவிடும். கண்ணீர் தனி லேயர் (முகத்தின்மேல் அடுக்கும் தனிப் படலம்), நாலைந்து சித்திரத்தில் முடிந்துவிடும். ஆனால் நம்மைக் கலங்கடிப்பது கண்ணீருக்கு முந்தைய இரண்டு விநாடி: உதடு இறுகும், மூச்சை அடக்கும்போது தோள் ஏறும், இமை பாதி இறங்கித் திரும்ப ஏறும். சித்திரம் அதிகம் கேட்பவை இவைதான், அவசரத்தில் காணாமல் போவதும் இவைதான். கைகளையும் கவனியுங்கள். வரையக் கடினம் என்பதால் அவசர எபிசோடுகளில் ஷாட் மார்புக்கு மேலேயே நின்றுவிடும். பிசைகிற விரல்களும் இறுகிய முஷ்டியும் திரைக்கு வெளியே போய்விடும்.

கியோட்டோ அனிமேஷன் 2018-இல் தந்த ‘வயலட் எவர்கார்டன்’ தொடரின் 10-வது எபிசோடை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். அந்த ஸ்டுடியோ அனிமேட்டர்களை மாதச் சம்பளத்தில் வைத்து, பெரும்பாலான வேலையைத் தனக்குள்ளேயே முடிக்கும் வழக்கமுடையது. எபிசோடுக்கு எபிசோட் தரம் ஏறி இறங்காததற்கு அது முக்கியக் காரணம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அப்படியானால் அசைவு கூடக் கூட உணர்ச்சியும் கூடுமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: கூடாது. 1963-இல் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வாரந்தோறும் வரத் தொடங்கியபோதே, குறைந்த சித்திரங்களில் கதை சொல்லும் வழி பிடிபட்டுவிட்டது. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடினாலும், ஒரு சித்திரத்தை மூன்று ஃபிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 8 சித்திரம் போதும். இன்றும் டிவி அனிமேயில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

ஹிதெயாகி அன்னோவின் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ (1995–96) 22-வது எபிசோடில் இரண்டு பெண்கள் லிஃப்டில் நிற்கிறார்கள். ஏறக்குறைய 50 விநாடி, கிட்டத்தட்ட அசைவே இல்லை. 24-வது எபிசோடில் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒலிக்க, ஒரே சித்திரம் ஒரு நிமிடம் அளவுக்கு நிற்கிறது. இரண்டும் நெஞ்சைப் பிழிகின்றன. அங்கே ஒலி நிற்கவில்லை. யார் முதலில் பேசுவார்கள், கதாநாயகன் ஷின்ஜி என்ன முடிவெடுப்பான் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கிறது. உடல் அசைந்தே தீரவேண்டிய இடத்தில், உதாரணமாக அடி விழுந்த மறுகணத்தில், இப்படிச் சித்திரத்தை நிறுத்தினால் அது வறுமையாகத் தெரியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறையும், படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறையும் ஓட்டுங்கள். ஒலியே முழுச் சுமையையும் தூக்கினால் படம் தன் பங்கைச் செய்யவில்லை.

கேள்வி: ‘நருட்டோ ஷிப்புடென்’ 167-வது எபிசோடில் முகங்கள் ரப்பர் போல இழுபடுகின்றன. இது மோசமான அனிமேஷன்தானே? (வாசகர், பெரம்பூர்)

பதில்: நிறுத்திப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தச் சித்திரங்கள் கண்ணில் படும் நேரமே விநாடியில் ஒரு சிறு பங்கு. வேகத்தையும் வெறியையும் காட்ட வேண்டுமென்றே இழுத்து வரையப்பட்டவை அவை, வரைந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. 160-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் கெட்டியான முகங்களுக்குக் கண்ணைப் பழக்கிவிட்டு, உச்சக்கட்டத்தில் திடீரென பாணியை மாற்றினால் மனம் கதையை விட்டுக் கோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். மசாக்கி யுவாசாவின் ‘பிங் பாங்’ (2014) முதல் நிமிடத்திலிருந்தே நெளியும் கோடுகளில் வந்ததால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய பெரிய டிவியில் சண்டைக் காட்சிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன, போனில் பார்த்தபோது இருந்த வேகம் இல்லை. (வாசகர், அண்ணா நகர்)

பதில்: டிவி தானாகவே இடைச் சித்திரங்களை (இரண்டு சித்திரங்களுக்கு நடுவில் வருபவை) உருவாக்கிச் செருகுகிறது. குத்து ‘சட்’டென்று விழவேண்டும் என்றுதான் அனிமேட்டர் நடுவில் சித்திரம் வைக்காமல் விட்டிருப்பார், டிவி அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால் அடியின் கனம் போய்விடுகிறது, கோடுகளின் ஓரமும் கலங்குகிறது. பட அமைப்புகளுக்குள் சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ அல்லது ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருக்கும். அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் அமைப்பு தனித்தனியாகப் பதிவாகலாம் என்பதால் எல்லாவற்றிலும் சரிபாருங்கள். ஷார்ப்னஸையும் குறையுங்கள், கோட்டைச் சுற்றி வரும் வெள்ளை விளிம்பு மறையும். இருட்டுக் காட்சியில் பட்டை பட்டையாகத் தெரிவது பெரும்பாலும் ஸ்ட்ரீமிங் டேட்டா குறைவால் வருவது. செயலியில் தரத்தை உயர்த்துங்கள்.

கேள்வி: சென்ட்ரலில் மகளை ரயிலேற்றிவிடும் தாயைப் பற்றி 40 விநாடிக் குறும்படம் செய்கிறேன். தனியாளாக 200 சித்திரத்துக்கு மேல் வரைய முடியாது. (மாணவி, தரமணி)

பதில்: 40 விநாடி என்றால் 960 ஃபிரேம். மூன்று ஃபிரேமுக்கு ஒன்று என்றாலே 320 சித்திரம் ஆகும், ஆகவே எல்லாவற்றையும் அசைக்க ஆசைப்படாதீர்கள். ரயில் கிளம்புவதற்குச் சித்திரமே வேண்டாம்: ஜன்னல் கம்பியும் பெட்டியும் தனி லேயர், பிளாட்பாரம் ஒரு நீளப் படம், ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்துங்கள். பேச்சுக்கு வாயை மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்று வடிவம் போதும்.

மிச்சப்பட்டதையெல்லாம் தாயின் விரல்கள் கம்பியை விடும் இடத்தில் கொட்டுங்கள். 4 விநாடி, இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று வீதம் 48 சித்திரம். தாயின் முகத்துக்கு 40, மகளுக்கு 30, திருத்தங்களுக்குக் குறைந்தது 40 ஒதுக்குங்கள். இடைச் சித்திரங்களைச் சம தூரத்தில் வைத்தால் கை தண்ணீருக்குள் மிதப்பதுபோல் ஆகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் நெருக்கி, நடுவில் விலக்கி வையுங்கள். முதலில் கண் திரும்பட்டும், இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத் தலை, அதன்பின் தோள். இமை மூட ஒரு இடைச் சித்திரம், திறக்க இரண்டு. நடுக்கத்துக்கு ஒரே சித்திரத்தை மூன்று முறை பிரதியெடுத்து வரைந்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

முகபாவம் முடிந்த உடனே ஷாட்டை வெட்டாதீர்கள், 12 ஃபிரேமாவது நிறுத்துங்கள். குரலை முதலிலேயே பதிவு செய்துகொண்டு, வெறும் கோட்டுச் சித்திரங்களை அதே நேர அளவில் அடுக்கி 40 விநாடியையும் ஓட்டிப் பாருங்கள். விரல்கள் விடுபடும் இடம் அந்தக் கோட்டிலேயே உறைக்கவில்லை என்றால் ஷாட்டின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும், சித்திரத்தைக் கூட்டிப் பயனில்லை.