‘புகைப்படம் ஒட்டவும்’

மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்கக் கரூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். அம்மா, மகள், கூடவே பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தாய்மாமா. மகள் பிளஸ் டூவில் 600க்கு 531. என் மேசையில் முதலில் மதிப்பெண் பட்டியலை வைத்தார்கள். அதன் மேல் ஒரு தனியார் டிசைன் கல்லூரியின் பளபளப்பான கையேடு. அப்புறம், யாரும் கேட்காமலே, அந்தப் பெண் ஒரு சார்ட் பேப்பர் சுருளை அவிழ்த்தாள்.

மொத்தம் 11 படங்கள். ‘குடும்ப அட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் ஆளுக்கு ஒரு படம், சிலருக்கு இரண்டு. பாட்டிக்குக் கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு நுங்கு. நெற்றியைப் பிளந்துகொண்டு ஒரு பனை நிற்கிறது. அப்பாவின் கை முழங்கைவரை நீலம். அந்த நீலம் சட்டை வழியாக இறங்கி, தரையில் அமராவதி ஆறாக ஓடுகிறது. மாமாவுக்குத் தலைக்குப் பதில் லேப்டாப், அதன் திரையில் அவரே ‘ஹலோ, கேக்குதா’ என்கிற முகத்தோடு. கடைசிப் படம் அவளுடையது. பள்ளிச் சீருடை, ஸ்டூடியோ நீலப் பின்னணி. கழுத்துக்கு மேலே வெறும் கட்டம். அதற்குள் ‘புகைப்படம் ஒட்டவும்’ என்று எழுதியிருக்கிறாள்.

மாமா சிரித்தார். அப்பா பார்க்கவே இல்லை.

“நல்லா வரையிறா சார். அதனாலதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம்னா சரி, டிசைனாவது, இல்லேன்னா ஆர்க்கிடெக்சராவது சேத்துடலாம்னு” என்றார் மாமா. முதல் 10 நிமிடம் நானும் வழக்கம்போல் தண்ணீர் கொடுத்து, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கட்டணத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டேன். ஆண்டுக்கு மூன்றரை லட்சம், நான்கு ஆண்டுக்கு 14 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப்போகிறார்களாம். 10 சதவீத வட்டியில், 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 18,500 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. 22 வயதுப் பெண் முதல் சம்பளத்தை வாங்கும்போதே அவள் கழுத்தில் இது தொங்கும். வேண்டாம் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆர்க்கிடெக்சரும் வேண்டாம். ஐந்து ஆண்டுப் படிப்பு, அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு, எல்லாம் சரி. ஆனால் அது கட்டடம் கட்டத் துடிப்பவர்களுக்கான படிப்பு. ‘ஓவியம் வரும், ஆனால் ஓவியத்துக்கு அனுப்ப மாட்டோம்’ என்கிற வீடுகளின் சமாதான உடன்படிக்கையாக அதை ஆக்கிவிட்டோம். இந்தப் பெண்ணின் 11 படத்தில் ஒரு வீடுகூட இல்லை. இருப்பதெல்லாம் ஆட்கள்.

“இதெல்லாம் கிறுக்குத்தனமா இருக்கே சார், இதுக்கு யாரு சோறு போடுவா?” என்று அப்பா முதன்முறையாக வாய் திறந்தார். நியாயமான கேள்வி. கனவில் வருவதுபோல வரையும் இந்தக் கிறுக்குத்தனத்துக்குச் சர்ரியலிசம் என்று பெயர் உண்டு, நூறு வயதும் ஆகிவிட்டது. ரெமெடியோஸ் வாரோ என்று ஸ்பெயினில் பிறந்த ஓவியர் ஒருவர். ஆந்தை உருவில் பெண், சக்கரமே காலாக நகரும் மனிதர்கள் என்றெல்லாம் வரைந்தவர். அவருடைய அப்பா நீர்ப்பாசனப் பொறியாளர். மகளைத் தன் வரைபடங்களைப் பார்த்து வரையச் சொல்லிப் பழக்கியவர். பெண் மாட்ரிட்டில் கலைக் கல்லூரியில் படித்தார். போர் துரத்த மெக்சிகோ போனார். சோறு எப்படி வந்தது? பேயர் மருந்துக் கம்பெனிக்கு விளம்பரப் படம் வரைந்தார். வெனிசுலாவில் மலேரியா ஒழிப்புப் பணிக்காக மைக்ராஸ்கோப்பில் கொசுவைப் பார்த்து வரைந்தார். தனிக் கண்காட்சி வைக்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கைத்தொழிலாக வரையத் தெரிந்திருந்ததால்தான் கனவையும் வரைய முடிந்தது. இன்னொரு சர்ரியலிச ஓவியரான பெல்ஜியத்தின் மாக்ரிட்டும் சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு டிசைன் போட்டுத்தான் பிழைப்பைத் தொடங்கினார். அவ்வளவு தூரம் போவானேன், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கர், தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே கல்லூரிக்கு முதல்வரும் ஆனார்.

அந்தக் கல்லூரியைத்தான் சொல்லப்போகிறேன். சென்னை எழும்பூரில், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற மருத்துவர் தொடங்கியது. கரூரிலிருந்து பக்கம் வேண்டுமென்றால் கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம்; உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். அரசுக் கட்டணம் என்பதால் கல்லூரிக்குக் கட்டுவதைவிடக் காகிதத்துக்கும் வண்ணத்துக்கும்தான் அதிகம் செலவாகும்.

ஓவியம், சிற்பம் பற்றி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பிரிண்ட்மேக்கிங், தமிழில் அச்சோவியம் என்று ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்பு இதையே ‘கிராபிக்ஸ்’ என்பார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்று நினைத்துச் சேர்ந்து, ஆசிட்டைப் பார்த்துத் திகைத்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

துத்தநாகத் தகட்டில் ஆசிட் தாங்கும் பூச்சைத் தடவி, ஊசியால் கீறி வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், கீறிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பூச்சை நீக்கி, மையைப் பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளை அச்சில் சுற்றினால் படம் காகிதத்துக்கு ஏறும். இடம் வலமாக மாறும் என்பதால் எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். பல வண்ணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு. ஒரு நூல் விலகினாலும் முகம் இரண்டாகத் தெரியும்.

இதைச் சொல்லும்போது அப்பா நிமிர்ந்தார். “ஸ்கிரீன் பிரிண்டிங்லயும் அதேதானுங்க. கலருக்கு ஒரு பிரேம்.” ஆமாம், அதுவும் அந்தத் துறையில் ஒரு வகைதான். அதற்கப்புறம்தான் அவர் மகளின் படத்தைக் கையில் எடுத்தார்.

கான்வாஸ் ஒன்று விற்றால் போயிற்று. அச்சோவியத்தில் ஒரே தகட்டிலிருந்து 15 பிரதி எடுத்து, பென்சிலால் 1/15, 2/15 என்று எண் போட்டுக் கையெழுத்திடலாம். ஒவ்வொன்றும் அசல்தான். விலையும் குறைவாக வைக்கலாம் என்பதால் நடுத்தர வீட்டுச் சுவருக்கும் போகும். ‘குடும்ப அட்டை’ மாதிரி ஒரு தொடருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. ரேஷன் கார்டே அச்சடித்த சமாசாரம்தானே! படிப்பு முடிந்ததும் அச்சு இயந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் கலைஞர்கள் வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தேவகோட்டையில் பிறந்து, சென்னைக் கல்லூரியில் படித்து, அச்சோவியத்தில் பெயர் பெற்ற ஆர்.எம்.பழனியப்பன் அந்த மையத்தின் செயலாளராக இருந்தவர். மேற்படிப்புக்கு பரோடா, சாந்திநிகேதன்.

வருமானம்? முதல் ஐந்து ஆண்டு படம் மட்டும் விற்றுச் சாப்பிட முடியாது. புத்தக அட்டை, பள்ளியில் ஓவிய வகுப்பு, ஜவுளி டிசைன் என்று ஏதாவது ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கரூர்க்காரர்களுக்கு ஜவுளியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாமா “ஐடில முதல் மாசமே...” என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன தொகை உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டாக யாரும் சொல்லாமல், பரீட்சைக்கு நடுவே, 11 படம் போட்டவள் அவர் இல்லை.

பெண்ணிடமும் ஒன்று சொன்னேன். உனக்குக் கை வரைய வரவில்லை. அப்பாவைத் தவிர எல்லோருடைய கையும் பாக்கெட்டிலோ முந்தானையிலோ ஒளிந்திருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு முன் தினமும் 20 கை வரை, வீட்டில் இருப்பவர்களையே உட்கார வைத்து. அவள் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் எழும்பூர் போகச் சொல்லியிருக்கிறேன். வேலைநாளில் போனால்தான் அச்சு ஓடுவதைப் பார்க்கலாம். செல்போன் போட்டோ வேண்டாம், சுருளையே எடுத்துப் போங்கள் என்றேன். மாமாவுக்கு அன்று லீவு கிடைக்காதாம். அப்பா போவதாகச் சொன்னார்.